ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

இதைப் படிக்கிற இந்த நிமிடம் உங்கள் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ‘டிக்… டிக்…’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் அதை போர்ட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இன்னொரு தடவை சொருகிப் பார்ப்போமே என்று திரும்பத் திரும்ப முயல வேண்டாம். கழற்றியாயிற்றா? சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில், அல்லது டிஸ்குக்கும் டிவிக்கும் நடுவில், ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் இருந்ததா? இருந்தது என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அதைச் சோதித்துத் தெரிந்துகொள்வது எப்படி, உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுப்பது எப்படி, தூரத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் என்ன வாங்குவது என்பதைப் புதிதாக டிஸ்க் வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கரண்டுக்கான ஜங்ஷன் பாக்ஸையும் நாம் எக்ஸ்டென்ஷன் என்றுதான் சொல்கிறோம். இங்கே பேச்சு அதைப் பற்றி இல்லை. ஒரு முனையில் யூஎஸ்பி பின்னும் மறுமுனையில் யூஎஸ்பி ஓட்டையும் இருக்கும் கேபிளைப் பற்றித்தான்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் மாமா ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். “தம்பி, இது செத்துப்போச்சுன்னு கடைல சொல்லிட்டாங்கப்பா. பேத்தி பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ அத்தனையும் இதுலதான் இருக்கு” என்றார். குரல் உடைந்திருந்தது. உள்ளே இருப்பதை மீட்க அந்தக் கடையில் கேட்ட தொகை, டிஸ்கின் விலையைப் போல ஐந்து மடங்கு. என் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில், டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளாலேயே மாட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. போட்டோக்கள் வரிசையாகத் திறந்தன. விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புது டிவியைச் சுவரில் மாட்டியிருந்தார். யூஎஸ்பி போர்ட் டிவிக்குப் பின்னால் போய்விட்டது, கை நுழையவில்லை. மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி, முனையை ஷோகேஸ் வரை கொண்டுவந்திருந்தார். கடைக்கு எடுத்துப் போனபோதும் டிஸ்கோடு அந்தக் கேபிளையே கொடுத்திருக்கிறார். கடையிலும் அதில் மாட்டியே பார்த்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து யார் ‘டிஸ்க் போச்சு’ என்று வந்தாலும், நான் முதலில் கேட்பது கேபிளைத்தான்.

வயருக்குள் என்ன நடக்கிறது

மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் அந்த ஒரு நொடியில் வீட்டு லைட் மங்கி, பிறகு சரியாவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றிருக்கும் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது அதிகமான கரண்டை இழுக்கும். அந்த இழுப்பில் வயரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் கரைந்துவிடும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கிலும் இதேதான் நடக்கிறது. அதற்குள்ளும் ஒரு மோட்டார்தான் இருக்கிறது. பெரும்பாலானவற்றில், தகவல் பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. சுற்றிக்கொண்டிருக்கும்போது அதற்குப் பாதி ஆம்பியர் அளவே போதும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் சில நொடிகளில் ஒரு ஆம்பியரை நெருங்கும்.

இந்தக் கரண்ட் முழுவதும் யூஎஸ்பி கேபிள் வழியாகவே வர வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 அதை 900 ஆக்கியது. அதாவது போர்ட்டில் நேராக மாட்டினாலே டிஸ்குக்குக் கிடைப்பது அளவுச் சாப்பாடுதான். நடுவில் இன்னொரு வயரை நுழைத்தால் அந்தச் சாப்பாட்டிலும் பங்கு கேட்கும்.

எவ்வளவு பங்கு என்று ஒரு கணக்குப் போடலாம். மலிவான யூஎஸ்பி கேபிள்களில் கரண்ட் போகும் கம்பி பெரும்பாலும் 28ஆம் எண் கம்பி, முடி மாதிரி மெல்லியது. ஒரு மீட்டருக்கு அதன் மின்தடை ஏறக்குறைய 0.21 ஓம். கேபிள் ஒன்றரை மீட்டர் என்றால் கரண்ட் போக ஒன்றரை, திரும்ப ஒன்றரை, ஆக மூன்று மீட்டர் கம்பி. மொத்தம் 0.64 ஓம். டிஸ்க் கிளம்பும்போது 0.9 ஆம்பியர் இழுத்தால் அந்த எக்ஸ்டென்ஷனில் மட்டும் 0.57 வோல்ட் போய்விடும். டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிள் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், சொருகுமிடத்து உலோகத் தொடுப்புகள் இன்னும் கொஞ்சம். போர்ட்டில் 5 வோல்ட் கிளம்பினாலும் டிஸ்கைத் தொடும்போது 4.3க்குக் கீழே இறங்கியிருக்கும். 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பலவற்றின் தொழில்நுட்பத் தாளில் 5 வோல்ட், அதில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். அதாவது 4.75. அதற்கு எவ்வளவு கீழே போய்விட்டோம் என்று பாருங்கள். மாமாவின் மூன்று மீட்டர் கேபிளில் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்: ஒரு வோல்ட்டுக்கும் மேல் வயரிலேயே காலி.

வோல்டேஜ் இறங்கியதும் டிஸ்கின் சர்க்யூட் பயந்துபோய் நின்றுவிடும். தட்டின் மேல் மிதந்தபடி தகவலைப் படித்து எழுதும் தலையை ஓரமாக இழுத்து நிறுத்திக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் ‘டிக்’. நின்றதும் கரண்ட் இழுப்பு குறைகிறது, வோல்டேஜ் மேலே வருகிறது, டிஸ்க் மறுபடி கிளம்பப் பார்க்கிறது, மறுபடி இறங்குகிறது, மறுபடி ‘டிக்’. உண்மையிலேயே தலை பழுதான டிஸ்கும் ஏறக்குறைய இதே சத்தத்தைத்தான் போடும். காதால் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. நல்ல டிஸ்குகள் குப்பைக்குப் போவது இதனால்தான்.

சில சமயம் டிக் சத்தமே இருக்காது. டிஸ்க் கிளம்பிவிடும், பெயரும் தெரியும், சின்ன ஃபைல்கள் திறக்கும். பெரிய ஃபைலைக் காப்பி பண்ணும்போது பாதியில் நின்றுவிடும், அல்லது டிஸ்கே திரையிலிருந்து மறைந்து பத்து நொடி கழித்துத் திரும்பி வரும். ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். என்னைக் கேட்டால் டிக் சத்தத்தைவிட இதுதான் ஆபத்தானது. சத்தம் போட்டால் உடனே கழற்றிவிடுவோம். இப்படி விட்டுவிட்டு வேலை செய்தால், சரியாகத்தானே இருக்கிறது என்று நம்பி எழுதிக்கொண்டே போவோம். எழுதும்போது தொடர்பு அறுந்தால் ஃபோல்டர் விவரங்களே சிதைந்துபோகலாம்.

இதுவரை சொன்னது கரண்ட் பற்றி. தகவல் போகும் கம்பிகளுக்கும் தொல்லை உண்டு, ஆனால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு அதிகபட்சம் 5 மீட்டர். 3.0க்கு 3 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஒவ்வொரு இணைப்பிலும் சிக்னல் கொஞ்சம் தேய்கிறது. ஆண் முனையும் பெண் முனையும் கொண்ட சாதாரண எக்ஸ்டென்ஷன் கேபிளை யூஎஸ்பி 2.0 விதிமுறை அனுமதிக்கவே இல்லை. கடைகளில் தாராளமாக விற்கிறது, விதிப்படி செய்த கேபிள் இல்லை, அவ்வளவுதான். அப்புறம், 3.0 டிஸ்கை 2.0 எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் வேகம் 2.0க்கு இறங்கிவிடும். நேராக மாட்டினால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போவது, இதில் 30, 40 எம்பியில் நடக்கும். இரண்டையும் பிரித்தறிய முனைக்குள் எட்டிப்பாருங்கள். 2.0வில் நான்கு உலோகப் பட்டைகள் மட்டும் இருக்கும். 3.0வில் மொத்தம் ஒன்பது, பிளாஸ்டிக் பெரும்பாலும் நீலம்.

சோதித்துப் பார்க்கும் முறை

முதல் படி, நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. எக்ஸ்டென்ஷன், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், கன்வர்ட்டர், எதுவும் வேண்டாம். டிஸ்கோடு பெட்டியில் வந்த குட்டைக் கேபிளைத் தேடி எடுங்கள். அது இல்லையென்றால் அதே மாதிரியான, அரை மீட்டருக்குள் உள்ள நல்ல கேபிள் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பழைய கேபிளே பழுதாக இருக்கவும் இடமுண்டு, அதனால் கையில் இரண்டு இருப்பது நல்லது.

இரண்டாவது, போர்ட். டெஸ்க்டாப் என்றால் பெட்டியின் பின்பக்கம் போங்கள். முன்பக்க போர்ட் பார்க்க நேரான போர்ட் மாதிரி இருந்தாலும், உள்ளே அது ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. அதுவும் ஒருவகை எக்ஸ்டென்ஷன்தான். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. லேப்டாப் என்றால் அதன் உடம்பில் இருக்கும் போர்ட்டிலேயே மாட்டுங்கள், சார்ஜரையும் போட்டுக்கொள்ளுங்கள். நீல நிற போர்ட் இருந்தால் அதுவே முதல் தேர்வு.

டிஸ்கை மேஜைமேல் தட்டையாக வைத்து மாட்டுங்கள். சுற்றும்போது நகர்த்த வேண்டாம், தூக்கவும் வேண்டாம். இப்போது காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற ஒரே சீரான ஓசை வந்தால் மோட்டார் கிளம்பிவிட்டது. அரை நிமிடம் பொறுங்கள். கம்ப்யூட்டரில் டிஸ்கின் பெயர் வந்தால் பாதி தைரியம் வந்துவிட்டது.

நேராக மாட்டியும் டிக் டிக் என்றால் இன்னொரு கேபிளில் ஒரே ஒரு முறை, இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு முறை பாருங்கள். அங்கும் அதே சத்தம் என்றால் வயர்மேல் பழி இல்லை. டிஸ்கை ஓரமாக வைத்துவிட்டு, தரவு மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் வைப்பது, தட்டுவது, திறந்து பார்ப்பது என்று சிலர் யோசனை சொல்வார்கள். எதையும் கேட்காதீர்கள், மிச்சமிருக்கும் வாய்ப்பையும் அது கெடுத்துவிடும்.

டிஸ்க் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டது என்றால் அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். ‘இந்த டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா?’ என்பது ஒன்று. ‘ஃபார்மேட் பண்ணினால்தான் பயன்படுத்த முடியும்’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபார்மேட் கேள்விக்கு அவசரத்தில் சரி கொடுத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். டிவியும் சில சமயம் ரெக்கார்டிங்குக்காக ஃபார்மேட் பண்ணவா என்று கேட்கும். அதற்கும் வேண்டாம் என்பதே பதில். பிழை திருத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே இருப்பதை வேறொரு இடத்துக்குக் காப்பி பண்ணுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடாமல், திரும்பக் கிடைக்காதவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்: குடும்பப் போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் புராஜெக்ட். படங்களையும் பாட்டுகளையும் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். டெராகாப்பி போன்ற மென்பொருளில், காப்பி ஆனபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

காப்பி முடிந்ததும் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீண்ட பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம், மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். ‘ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் தட்டுகள் நலம். மூன்றாவது ‘பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுண்ட்’. கரண்ட் திடீரென்று போனதால் தலையை அவசரமாக இழுத்துக்கொண்ட தடவைகளை டிஸ்க் இதில் எண்ணி வைத்திருக்கும். பல டிஸ்க்குகளில் இந்த வரி இருக்கும். முதல் இரண்டும் பூஜ்யம், இது மட்டும் எக்கச்சக்கம் என்றால், கரண்டைப் பாதியில் பறித்துக்கொண்டிருந்த கேபிள்மேல்தான் என் சந்தேகம் போகும். கம்ப்யூட்டரில் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் டிஸ்கைப் பிடுங்கும் பழக்கமும் இந்த எண்ணை ஏற்றும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கும் சாட்சியும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 157 என்ற எண்ணோடு வரிகள் இருந்தால் டிஸ்க் எதிர்பாராமல் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். 153 என்றால் படிக்கவோ எழுதவோ முடியாமல் திரும்ப முயன்றிருக்கிறது. நேரத்தைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்த நாட்களில் மட்டும் இவை குவிந்திருந்து, நேராக மாட்டிய பிறகு ஒன்றுகூட இல்லையென்றால் வேறு விசாரணையே தேவையில்லை. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கெர்னல் செய்திகளில் ‘ரீசெட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் விண்டோஸின் பிழை திருத்தும் வசதியை ஓட்ட வேண்டும். அப்போதும் டிஸ்க் நேராக போர்ட்டில் இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டிய டிவிக்கு என்ன செய்வது

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த வகை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிவியின் யூஎஸ்பி போர்ட்டுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், சின்ன எழுத்தில் 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட் உள்ள சில டிவிகளில், ஒன்றில் மட்டும் ஹெச்டிடி என்று எழுதி, ஆம்பியரும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டியது அதில்தான். 0.5 மட்டுமே தரும் போர்ட் என்றால் எக்ஸ்டென்ஷன் இல்லாமலேயே டிஸ்க் தடுமாறலாம்.

கை நுழையாததுதான் பிரச்சினை என்றால் மூன்று மீட்டர் எதற்கு? இருபது சென்டிமீட்டர் போதும். குட்டை எக்ஸ்டென்ஷனில் இழப்பு மிகக் குறைவு: அதே மெல்லிய கம்பியானாலும் 0.08 வோல்ட் அளவுதான். ‘எல்’ வடிவத்தில் திரும்பிய முனைகளும் கிடைக்கின்றன. ஒருமுறை டிவியை இரண்டு பேராகப் பிடித்து இறக்கி, குட்டைத் துண்டைச் சொருகிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை. டிஸ்கை மட்டும் அந்த வயரில் அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் எந்தக் கேபிளும் காப்பாற்றாது. டிவிக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு அடித்து அதன்மேல் வையுங்கள்.

படம் பார்க்க மட்டும்தான் என்றால் என் யோசனை வேறு. அந்த வாரம் பார்க்கப்போவதைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பென் டிரைவில் மோட்டார் இல்லை, கரண்டும் அதிகம் இழுக்காது, நீளமான எக்ஸ்டென்ஷனிலும் பெரும்பாலும் ஓடிவிடும். வீட்டு போட்டோக்கள் இருக்கும் டிஸ்கை டிவியில் நாள் முழுக்க மாட்டி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. டிவியும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால், டிஸ்கைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு டிவியில் பார்க்கும் வழியும் உண்டு.

தூரம் கட்டாயம் என்றால்

மேஜைக்கு அடியில் சிபியு, மேஜைமேல் டிஸ்க். இப்படி ஒன்றரை மீட்டர் தேவைப்படுபவர்களுக்குச் சரியான பதில், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். கம்ப்யூட்டரிலிருந்து ஹப்புக்கு வரும் கேபிளில் தகவல் மட்டும் வந்தால் போதும், டிஸ்குக்கான கரண்டை ஹப் சுவரிலிருந்து எடுத்துத் தருகிறது. அடாப்டர் 5 வோல்ட் என்றால் குறைந்தது 2 ஆம்பியர் இருக்கட்டும். அடாப்டர் இல்லாத மலிவு ஹப் எக்ஸ்டென்ஷனைவிட மோசம். யூஎஸ்பி 2.0வில் அப்படிப்பட்ட ஹப், போர்ட் ஒன்றுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் விளக்குகள் மங்கலாக எரிகின்றனவா என்று ஹப்பை மாட்டியதும் ஒரு தடவை பாருங்கள். எரிந்தால் ஹப் கரண்டைப் பின்பக்கமாகக் கம்ப்யூட்டருக்குள் தள்ளுகிறது. அதை மாற்றிவிடுங்கள். ஹப்பின் அடாப்டரை யூபிஎஸ்ஸில் போடுவதும் நல்லது. பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் நிறுத்தும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஹப் மட்டும் அணைந்து டிஸ்க் பாதி எழுத்தில் நின்றுவிடும்.

ஒரு மீட்டர் போதும் என்றால் ஹப் கூட வேண்டாம். டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்துவிட்டு, அதே முனை உள்ள ஒரு மீட்டர் கேபிள் ஒன்றை மாட்டுங்கள். இரண்டு கேபிளைச் சேர்ப்பதைவிட நீளமான ஒரே கேபிள் எப்போதும் மேல், நடுவில் ஒரு இணைப்பு குறைகிறது. இரண்டு யூஎஸ்பி முனைகள் உள்ள ‘ஒய்’ கேபிள் பழைய 2.0 டிஸ்க்குகளுக்கு உதவும். இரண்டையும் அடுத்தடுத்த போர்ட்டுகளில் சொருகினால் கரண்ட் இரண்டிலிருந்தும் வரும். ‘ஆக்டிவ்’ என்று சொல்லி விற்கும் நீளக் கேபிள் சிக்னலை மட்டும்தான் புதுப்பிக்கிறது. கரண்டுக்குத் தனி ஓட்டை அதில் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்குக்கு உதவாது.

3.5 இன்ச் பெரிய டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வருவதால் அவற்றுக்கு இந்தக் கரண்ட் தொல்லை இல்லை. போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் மோட்டார் இல்லை, ஆனால் வேகம் அதிகமாக இருப்பதால் சுமாரான கேபிளில் அதுவும் அறுந்து அறுந்து போகும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களிலும் கடைகள்தான். “எக்ஸ்டென்ஷன் கேபிள் குடுங்க” என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. “அண்ணா, ஹார்ட் டிஸ்க்குக்கு வேணும், 3.0, அடாப்டரோட வர்ற ஹப் காட்டுங்க” என்று கேளுங்கள். எதற்கு என்று சொன்னால் பல கடைக்காரர்கள் தாங்களே சரியானதை எடுத்துத் தருவார்கள்.

கேபிள் வாங்கினால் அதன் மேலுறையில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆங்கிலத்தில் 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்பது போல இருக்கும். 2சி என்று முடியும் எண்தான் கரண்ட் கம்பியின் எண். எண் சிறியதாக ஆக ஆகக் கம்பி தடிமன் கூடும். 28 வேண்டாம், 24 நல்லது, 22 இன்னும் நல்லது. முன்பு போட்ட அதே ஒன்றரை மீட்டர் கணக்கை 24ஆம் எண் கம்பிக்குப் போட்டால் இழப்பு 0.57லிருந்து 0.23 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எதுவுமே அச்சடிக்காத கேபிளை டிஸ்குக்காக நான் வாங்குவதில்லை. எடையைக் கையில் பார்த்தும் ஓரளவு தெரியும், ஆனால் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய கம்பியை வைத்தும் விற்கிறார்கள். போர்ட்டில் சொருகி வோல்டேஜையும் ஆம்பியரையும் காட்டும் கட்டைவிரல் அளவு யூஎஸ்பி மீட்டரும் அங்கேயே கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். அடிக்கடி இந்த வேலை பார்ப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷனின் கடைசி முனையில் அதைச் சொருகி அதில் டிஸ்கை மாட்டினால், கிளம்பும் நொடியில் எண் கீழே விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உப்புக்காற்று யூஎஸ்பி முனைகளில் மெல்ல மெல்லப் படிந்து உலோகத்தைக் கறுக்க வைக்கும். தொடுப்பு மோசமானால் அங்கேயும் வோல்டேஜ் கரையும். எக்ஸ்டென்ஷன் சேர்த்தால் அப்படிப்பட்ட இடம் இன்னொன்று கூடுகிறது. ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், டிஸ்கைக் கழற்றிய நிலையில் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். சொருகும்போது தொளதொளவென்று ஆடும் முனையைத் துடைத்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள்.

கையில் இருக்கும் பழைய எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப்போட வேண்டாம். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவருக்கு ரொம்பவே பொருத்தம். யூஎஸ்பி 3.0 டிஸ்க் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கலந்து, பக்கத்து போர்ட்டில் இருக்கும் ரிசீவரைத் தடுமாறச் செய்யும், மவுஸ் திக்கித் திக்கி நகரும். எக்ஸ்டென்ஷனில் ரிசீவரைச் சொருகி டிஸ்கை விட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். மாமா வீட்டு மூன்று மீட்டர் கேபிள் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது. அதன் இரண்டு முனைகளிலும் வெள்ளை டேப் ஒட்டி, ‘டிஸ்குக்கு இல்லை’ என்று அவரே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.